அந்தோணி மகளும் சுண்ணாம்புக் கோடும்

மே 6, செவ்வாய்

எட்டு மணிக்கே அனல். விராலிமலைக்கு இந்தப் பக்கம், மாதா கோயில் திடலில் சமுதாயக்கூடத்துக்கு அஸ்திவாரம். மேற்பார்வை நான். எம்.எஸ்சி. கணிதம், பி.எட். இரண்டும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க.

பொக்லைன் ஓட்டுவது ஜெனிபர். என்னோடு படித்த அந்தோணியின் மகள், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. அவன் இடுப்பை ஒடித்துக்கொண்டு படுத்திருக்கிறான். லீவில் மகள் வண்டி ஓட்டுகிறாள். பத்தாம் வகுப்பில் என் தாளைப் பார்த்து எழுதியவன். இன்று வண்டி முதலாளி.

"மாமா, எங்கிட்டு ஆரம்பிக்கணும்?"

சார் என்று கூப்பிடு என்றேன்.

"சரிங்க சார்." சிரிப்பு வேறு.

மே 7, புதன்

வேடிக்கை பார்க்க ஊரே. ஆளுக்கொரு செல்போன். டீக்கடைக்காரர்: "ஏத்தா, லைசென்சு இருக்கா?"

"இருக்குண்ணே. ஒங்க கடைக்கு இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள், நான் தவிர. மூலைகளைச் சுத்தமாக வெட்டுகிறாள், அப்பனைவிட. அதுவும் எரிச்சல்.

கான்ட்ராக்டர் வந்தான். இவள் வண்டிக்குப் பதில் தன் மச்சானுடைய வண்டியை இறக்க ஆசை. "பொம்பளப் புள்ள. ஏதாச்சும் ஒண்ணு ஆகட்டும், அனுப்பிச்சிருவோம்." ஒன்பதாவது தேறாதவன். அவனுக்கு நான் தலையாட்ட வேண்டும்.

வாங்க: தொப்பி, சு.பொடி 2 மூட்டை, பல்வலி மாத்திரை.

மே 9, வெள்ளி

குடிநீர்க் குழாய் உடைந்தது.

அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புப் பொடியில் நான் கோடு போட்டிருந்தேன். நேற்றுச் சாயங்காலம் கோயில் இளைஞர்கள், திருவிழாச் சப்பரம் நிறுத்த இடம் குறிக்கிறோம் என்று, அதே திடலில் அதே பொடியில் இன்னொரு கோடு போட்டிருக்கிறார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை. பக்தி!

காலையில் ஜெ. அந்தக் கோட்டைப் பிடித்துத் தோண்டினாள். அது என் கோடு இல்லை என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. கீழே குழாய் போவதும் தெரியும். இன்ஜின் சத்தத்தில் வாய்க்கு வேலையில்லை. நான் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும், அதுதான் வழக்கம். தூக்கவில்லை. அந்தோணி மகள் ஒரு தடவை திணறட்டும் என்று நின்றேன்.

தண்ணீர் ஆள் உயரத்துக்கு. பெண்கள் குடங்களோடு ஓடி வந்தார்கள். "மே மாசத்துல இப்புடிப் பண்ணிட்டீங்களே, நல்லாருப்பீங்களா?"

ஜெ. இறங்கி நேரே என்னிடம் வந்தாள். "கோடு தப்போன்னு எனக்கே தோணுச்சு சார். ஒங்களப் பாத்தேன். நீங்க கை தூக்கல. அப்ப சரிதான்னு தோண்டிட்டேன்."

கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் எனக்குச் சுலபம்.

மே 10, சனி

குழாய் மதியத்துக்குள் ஒட்டியாயிற்று. கான்ட்ராக்டர் முகத்தில் கல்யாணக் களை. "அந்தப் புள்ள சொன்ன பேச்சு கேக்கலன்னு சைட் நோட்டுல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். நாளைக்கே மச்சான் வண்டி வந்துரும்."

எழுதினேன்: 'தவறான கோடு என்று தெரிந்தும் நிறுத்தச் சொல்லவில்லை.' கையெழுத்து.

படித்தான். திரும்பவும் படித்தான். "யாரு சொல்லல?"

"நான்."

திங்கள் முதல் நான் வர வேண்டாமாம். ஊர்க்காரர்கள் நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றதால் அவளை அனுப்ப வழியில்லை, அவள் வண்டியே தொடர்கிறது. எனக்கு அவள்மேல் இரக்கம் ஒன்றும் கிடையாது. இந்த மடையன் சொல்லி நான் பொய் எழுதுவதா?

ஜெ. வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்ல வந்தால் நன்றாகத் திட்டலாம் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை.