மலையை எதிர்ப்பக்கமாகச் சுற்றியவனே

இன்று காலை கடையில் உட்கார்ந்திருந்தேன். பௌர்ணமிக்கு மறுநாள். கூட்டம் வடிந்துபோய், காலி தண்ணீர் பாட்டில்கள் மட்டும் காற்றில் உருண்டு மலை சுற்றிக்கொண்டிருந்தன. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து மோர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெரியவரே, இந்தப் பக்கம் ஒரு சித்தர் எதிர்ப்பக்கமா நடந்து வருவாராமே? அவர் வர்றதுக்கு முன்னாடி பீடி வாசனை வருமாம். நீங்க பாத்திருக்கீங்களா?"

எனக்குப் புரையேறிவிட்டது. "பாத்திருக்கேன்ங்க. ரொம்பக் கோவக்கார சித்தர். யாராவது கால்ல விழுந்தா ஓடியே பூடுவாரு," என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

கடைசியில் உன்னையும் சாமியாக்கிவிட்டார்களய்யா. வசமாக மாட்டிக்கொண்டாய். இதைச் சொல்லிச் சிரிக்க உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. செத்தவனுக்கு எப்படி லெட்டர் போடுவே என்று கேட்பாய். உனக்கு நம்பிக்கை இல்லை, சரி. எனக்கு இருக்கிறதே. அஞ்சாம் கிளாஸைப் பாதியில் விட்டவன் எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த காலம். வாரத்தில் ஒரு நாளாவது சைக்கிளை மிதித்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு என் சோடாக் கடைக்கு வந்துவிடுவாய். ஊரே சாமி பெயரைச் சொல்லிச் சாப்பிடுகிற ஊரில், சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டு மூன்று வேளையும் நன்றாகவே சாப்பிட்டவன் நீ. எனக்கோ உன்னைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"யோவ், நீ சாமி இல்லன்னு சொல்லிக்கினு திரியணும்னு அவன்தான் உன் தலையில எழுதியிருக்கான். நீயா இன்னா பண்ணிட்டே?" என்பேன்.

"எழுதினவன் கையெழுத்தக் காட்டு, ஒத்துக்கறேன்," என்பாய்.

டிரைவர்கள் புறப்படும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். நீ அதைத் தடுத்ததே இல்லை. "பழத்த வெச்சிக்கட்டும். பிரேக்க நான் பாத்தப்புறம்தான் வண்டி போகும். நான் மாட்டின நட்டு கழண்டா விதின்னு சொல்ல முடியுமா? அது என் கை," என்று கிரீஸ் படிந்த விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டுவாய். பதில் வராத நாளெல்லாம் உனக்குக் கேஸ் கம்மியான சோடாவாகப் பார்த்துக் கொடுப்பேன். உனக்கு இது தெரியாது.

அப்புறம்தான் தங்கச்சிக்கு உடம்பு முடியாமல் போனது. உன் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். வயிற்றில் கட்டி என்று சொல்லி வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நீ வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தாய். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடி முணுமுணுத்தார்கள். நீ வெறுமனே நின்றாய். உன்னைப் பார்க்க எனக்குத்தான் பாவமாக இருந்தது. கூப்பிட ஒரு பெயர்கூட இல்லாமல் நிற்கிறானே என்று.

அவள் பிழைத்து வந்தாள். வந்த பிறகுதான் சங்கதி வெளியே வந்தது. ஆபரேஷனுக்குப் போகும் முன்பு வேண்டிக்கொண்டிருக்கிறாள்: பிழைத்து வந்தால் பௌர்ணமிதோறும் தானும் தன் வீட்டுக்காரரும் சேர்ந்து மலை சுற்றுவதாக.

"என் காலை நீ எப்படி வேண்டிக்குவே? என்னை ஒரு வார்த்த கேட்டியா?" என்று கத்தினாய். அவள் திருப்பிக் கத்தியிருந்தால் உன் பாடு சுலபம். கத்தவில்லை. சோறு இறங்காமல், தூக்கம் இல்லாமல், சொன்ன வாக்கு தவறினால் அந்தக் கட்டி திரும்பி வந்துவிடும் என்று பயந்து பயந்து இளைத்தாள்.

ஒரு நாள் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாய். சோடாவைத் தொடவில்லை.

"சுத்திட்டுத்தான் போயேன்யா. நடக்கறதுல இன்னா கொறஞ்சி பூடுவே?" என்றேன்.

"நடக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. கும்பிடற மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினு அவ பக்கத்துல நடக்கணும் பாரு, அது பொய். அவகிட்ட நான் பொய் சொன்னதே இல்லய்யா. இத்தினி வருசத்துல மிச்சம் வெச்சிருக்கறது அது ஒண்ணுதான்."

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். "அப்போ நீ எதிர்ப்பக்கமா சுத்து. உனக்குச் சாமியும் இல்ல, அவளுக்கு வேண்டுதலும் பாக்கி இல்ல."

நீ சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அடுத்த பௌர்ணமி விடியற்காலையில் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள். அவள் எல்லோரையும் போல மலையை வலப்பக்கம் வைத்து நடந்தாள். நீ இடப்பக்கம் வைத்து நடந்தாய். மலையின் முதுகுப் பக்கம், என் கடை வாசலில் வந்து சந்தித்தீர்கள். அவள் வந்ததும் முதல் பூசை எனக்குத்தான். "அண்ணா, இதெல்லாம் உன் வேலதானே? உன் வாயில மண்ணப் போட!" என்றாள். உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு சோடாவை உடைத்து இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"சேந்து சுத்தறோம்னு வேண்டிக்கினேன். இது சேந்தா?" என்று மலையைப் பார்த்துக் கேட்டாள்.

நீ ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாய்: "நீ வழியெல்லாம் முதுகப் பாத்துக்கினு வந்தே. நான் மூஞ்சியப் பாத்துக்கினு வந்தேன். ஒவ்வொரு மூஞ்சியிலயும் ஒரு கவல. கடைசில உன் மூஞ்சி வந்துது."

அவள் மீதி சோடாவைக் குடித்தாள். பிறகு இரண்டு பேரும் எழுந்து ஆளுக்கொரு பக்கமாகப் போனீர்கள்.

மலையோரமாக இருக்கும் ரோட்டுப் பக்கத்தைச் சித்தர்களுக்கு என்று ஜனங்கள் விட்டுவிட்டு நடப்பார்கள். நீ அந்தப் பக்கமாகவே வந்தாய். கேட்டால், "ரோட்டுல இடப்பக்கம் போறதுதான்யா சட்டம்," என்றாய். தாடி வேறு, வாயில் எந்நேரமும் பீடி வேறு. அதனால்தான் விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு அம்மா தடாலென்று உன் காலில் விழுந்தாள்.

"அம்மா, எந்திரிங்கம்மா! நான் டிப்போல மெக்கானிக்கு!"

"சித்தருங்க அப்படித்தான் மறைச்சிப் பேசுவாங்க சாமி."

நீ ஓடினாய். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்குள் வந்து ஒளிந்தாய். நான் வாசலில் நின்று, "உள்ள தவத்துல இருக்காரு, தொந்தரவு பண்ணாதீங்க," என்று சொல்லி நாலு சோடா விற்றேன்.

பிறகு அந்த நடை உனக்கே பிடித்துப்போனது. தலை சுற்றி உட்கார்ந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாய். அறுந்த செருப்புக்கு ஆணி அடித்தாய். "இதுல உனக்கு இன்னா புண்ணியம்?" என்று கிண்டினேன். "புண்ணியம் கணக்குல ஏறும்னா அப்புறம் அது வியாபாரம். செஞ்சா மனசு நல்லாருக்கு, செய்யறேன்," என்றாய்.

ஒரு பௌர்ணமி அன்று வெயில் ஏறியும் நீ வந்து சேரவில்லை. தங்கச்சி ரோட்டையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வந்தாய், சட்டையெல்லாம் நனைந்து. மயங்கி விழுந்த ஒரு பெரியவரைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வண்டி ஏற்றிவிட்டு வந்திருக்கிறாய். அவள் உன்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மலையைப் பார்த்து, "நான் ஒண்ணு கேட்டேன். நீ ஒண்ணு குடுத்துட்டே. போகட்டும், இதுவே இருக்கட்டும்," என்று கும்பிட்டாள்.

"பாத்தியாய்யா," என்றாய் என்னிடம். "தூக்கினது நான். பேரு அவனுக்கு."

அன்று முதல் அவள் நன்றாகத் தூங்கினாள் என்று நீதான் சொன்னாய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் கடைசியில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. வீட்டில் படுத்திருந்தாய். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லாம இருக்குமா? ஆனா அந்தப் பக்கம் யாரும் பிரம்பு வெச்சிக்கினு உக்காந்திருக்கலன்றது ஒரு நிம்மதி," என்றாய். "ஒருவேள இருந்துட்டா?" என்றேன். "இருந்தா இருக்காருன்னு ஒத்துக்கறேன். எனக்கு இன்னாய்யா வீம்பு?" என்று சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்தது.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். இப்போதாவது ஒரு தடவை சாமி பெயரைச் சொல்லச் சொல்லு, போகிற வழிக்கு நல்லது என்று தங்கச்சியை நெருக்கினார்கள். உன் பெரிய மச்சான் விபூதியோடு கட்டில் பக்கமே வந்துவிட்டார். நீ கண்ணை மூடிக் கிடந்தாய். கையைத் தள்ளக்கூடத் தெம்பில்லை. அவள் நினைத்திருந்தால் அன்று உன்னை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். பூசிவிடுவார்களோ என்று எனக்கே பதறியது, அதுவும் உன்னைப் போல ஒரு ஆளுக்காக.

அவள் நடுவில் வந்து நின்றாள்.

"அண்ணா, குடு அத," என்று அவரிடமிருந்து வாங்கினாள். வாங்கித் தன் நெற்றியில் பூசிக்கொண்டாள். "எனக்கு வேண்டியத நான் வெச்சிக்கறேன். அவரு கேக்காதத அவரு மேல போடாதீங்க. ஒரு தடவ நான் கேக்காம வேண்டிக்கினேன். அதுக்கு அவரு எனக்காக எத்தினி பௌர்ணமி நடந்தாரு!"

நீ கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாய். நெற்றி வெறுமையாகவே போய்ச் சேர்ந்தாய்.

நான் இன்னும் சாமி கும்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எண்பதைத் தாண்டிய பிறகு பழக்கத்தை மாற்ற முடியாது. போன வாரம் என் பெண் வந்து, "நைனா, உம் மாப்பிள்ள குடிய விட்டா அங்கப்பிரதட்சணம் பண்ணுவாருன்னு வேண்டிக்கோ," என்றாள். "உருளப் போறது யாரு?" என்றேன். "அவருதான்." "அப்போ முதல்ல அவர்கிட்ட கேளு. அவரு ஒடம்பு," என்றேன். "உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கோபித்துக்கொண்டு போனாள்.

சொல்லிக் கொடுத்தவன் பெயரை அவளிடம் சொல்லவில்லை. நான் வேண்டிக்கொள்ளும்போது என் கால்களை மட்டும்தான் சேர்க்கிறேன். அதுவும் முட்டி வலி கம்மியாக இருக்கிற மாதமாகப் பார்த்து.