வேப்பிலை வைத்த மூன்று நாள்

இஞ்சாருங்கோ,

இன்று நம் வீட்டுக்குக் கிட்ட, அம்மருட் பஸ் தரிப்பில் நின்றபோது தெருவோரப் பற்றையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டின பச்சையின் வாசம் மூக்கில் பட்டதும் வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். அந்தச் சீன வைத்தியர் அம்மா சுருட்டுப் போலச் சுற்றி, கொளுத்துமுன் என்னிடம் தந்து முகரச் சொன்னாரே, அந்த மூலிகையின் வாசம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் நம் வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. அதில் எனக்குப் பெருமைதான். உங்கள் இடது விலாவில் கொப்புளம் நிரையாகப் போட்டபோது, "அம்மாள் வந்திருக்கிறா. டொக்டரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்" என்றேன். இந்த வெளிநாட்டிலும் தமிழ்க் கடையில் தேடி வாங்கிய வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்து, மீன், இறைச்சி என்று மச்சமெல்லாம் நிறுத்தி, மூன்று நாள் உங்களை அறைக்குள்ளேயே வைத்திருந்தேன். நாலாம் நாள் பேத்திதான் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "அக்கியாம். முதல் நாளே வந்திருக்கலாமாம்" என்று மெல்லத்தான் எனக்குச் சொன்னாள்.

கொப்புளம் காய்ந்தது. நோவு போகவில்லை. சேட்டுத் துணி முட்டினாலே துடித்தீர்கள். ஐந்து மாதம் டொக்டர் தந்த குளிசையோடு கழிந்த பின்தான் சீன வைத்தியரிடம் போனோம். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நோகிற இடத்தைச் சுற்றி மயிர் போன்ற ஊசிகளைக் குத்தினார். புகைகிற மூலிகையைத் தோலில் முட்டாமல் பிடித்தார். அவர் சொன்னதைப் பேத்தி தமிழில் சொன்னாள்.

"வருத்தத்தின்ரை சூடு போயிட்டுதாம். ஆனா அந்த இடத்திலை ஓட்டம் அடைபட்டு நிக்குதாம். அதைத் திறக்கத்தான் ஊசியாம்."

"அப்ப வாய்க்கால் வெட்டுறா எண்டு சொல்லு பிள்ளை. ஊரிலை மிளகாய்த் தோட்டத்துக்கு நான் வெட்டினன், எனக்கு இவ வெட்டுறா" என்றீர்கள், சரிந்து கிடந்தபடி. சிரிக்கவும் விலா விடவில்லை.

கொப்புளம் போட்டு எத்தனையாம் நாள் மருந்து எடுத்தீர்கள் என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நாலாம் நாள். இவ போ போ எண்டுதான் நிண்டவ. நான்தான் எழும்பப் பஞ்சியிலை, சோம்பல்பட்டுக் கிடந்திட்டன்."

பேத்தி என்னைப் பார்த்தாள். பிறகு நீங்கள் சொன்னபடியே சொன்னாள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

ஊசி போட்ட நாட்களில் பின்னேரம் கொஞ்சம் கண் அயர்வீர்கள். அவ்வளவுதான். மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன அன்று காலையிலும் அந்த விலா நொந்துகொண்டுதான் இருந்தது.

இன்று வீட்டுக்கு வந்ததும் பேத்திக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அண்டைக்கு அம்மப்பா சொன்னது பொய். மறிச்சது நான்தான்."

"தெரியும் அம்மம்மா. அம்மப்பாவிட்டை அதைச் சொன்னனீங்களே?"

சொல்லவில்லை. அதுதான் இதை எழுதுகிறேன். பிழை என்னுடையது.

உங்கள் இடப்பக்கம்தானே என் படுக்கை. இப்போதும் அந்த விலாவில் முட்டாமல், ஒரு முழம் தள்ளித்தான் படுக்கிறேன்.