கேட்காமல் அழுத்திய பத்து நிமிடம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் இங்கே எங்கள் பொழுது போகிறது. சமையலறைக் குழாயைச் சரிசெய்ய ஒருவழியாக ஆள் வந்தார், அவர் போன கையோடு குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்துவிட்டது. போனில் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாய், தொண்டைக் கட்டு என்றேன். பொய்தான் கண்ணு. வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

செருப்புக் கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பாத அழுத்தச் சிகிச்சை வகுப்பில் சேர்ந்தேன் அல்லவா. முப்பத்தோரு வருஷம் காலைப் பிடித்து அளவெடுத்தவனுக்கு இவர்கள் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று ஒரு மிதப்பு. டீச்சரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார். ஆபரேஷன் ஆனதா, சர்க்கரை உண்டா, ரத்தம் கட்டியதுண்டா, நீண்ட பயணம் போனீர்களா என்று தாளில் கேட்டு எழுதிய பிறகுதான் காலைத் தொட வேண்டும், நாம் டாக்டர் இல்லை, எதையும் குணமாக்குவோம் என்று வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது என்பார். நானும் நன்றாகத் தலையாட்டுவேன்.

போன மாதம் மாடிவீட்டு லாரி மாமா மூன்று நாள் வண்டி ஓட்டிவிட்டு வந்து, இடது கால் கல்லு மாதிரி கனக்குது, கொஞ்சம் பிடிச்சு விடுங்களேன் என்றார். சான்றிதழுக்கு முப்பது பேருக்குச் செய்து காட்ட வேண்டும், அவர் இருபத்தெட்டாவது ஆள். தெரிந்த மனுஷனிடம் என்ன கேள்வி என்று தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பத்து நிமிடம் உள்ளங்காலை அழுத்தினேன், அவர் யாரோ தார்ப்பாயைத் தலைகீழாகக் கட்டிய கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பேன்ட்டைச் சுருட்டிக் கெண்டைக்காலைப் பிடித்தேன், சுட்டது, வீங்கியும் இருந்தது. மற்ற காலைத் தொட்டேன், அதில் சூடு இல்லை, வீக்கமும் இல்லை. அவர் ஸ் என்று முகம் சுளித்தார். ரத்தக்கட்டு இருக்கும் காலைப் பிடித்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம் என்று வகுப்பில் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது, கையை எடுத்துவிட்டேன். அசையாம உட்காருங்க என்றேன். என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க என்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் விடும் ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஸ்கேனில் கட்டு தொடை வரைக்கும் தெரிந்ததாம். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார், இப்போது மாத்திரையில் இருக்கிறார்.

அவர் மனைவி வந்து, அண்ணா நீங்க கண்டுபிடிக்கலன்னா எங்க கதி என்ன என்று அழுதாள். உன் அம்மா தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டாள். ஆனால் கண்டுபிடித்தவனும் நான்தான், பத்து நிமிடம் அழுத்தியவனும் நான்தான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை, மாடியேறிப் போய்ச் சொல்லிவிட்டேன். கேட்டிருந்தால் காலைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்றேன். அவர் மனைவி எழுந்து உள்ளே போனாள், இன்றுவரை என் முகம் பார்க்கவில்லை. மாமா மட்டும், கேட்டிருந்தாலும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லியிருப்பேன், லீவு போடச் சொல்லிருவீங்கல்ல என்றார். அதைக் கேட்டதும் பயம் கூடித்தான் போனது. டீச்சரம்மாவிடமும் போய்ச் சொன்னேன், அவர் திட்டவில்லை, இருபத்தெட்டையும் அடித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கச் சொன்னார்.

நேற்று சாயங்காலம் உன் அம்மாவையே முதல் ஆளாக உட்கார வைத்தேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டபோது, பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்வளவு கேக்கலையே என்று சிரித்தாள். நெஞ்சு வலி உண்டா என்றதும் சிரிப்பு நின்றது. படியேறும்போது ரெண்டு மாசமா இறுக்கிப் பிடிக்குது என்றாள். ஏன் சொல்லலை என்றேன். நீங்க கேக்கலையே என்றாள். அவள் காலை நான் தொடவில்லை. நாளைக் காலை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நீ பதறாதே. ஆனால் அம்மாவிடம் பேசும்போது சௌக்கியமா என்று மொத்தமாகக் கேட்காமல், வலி எங்கே, எப்போது வருகிறது என்று கேள். நீயும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காராதே, எழுந்து நட. நோய் நொடி அண்டாமல் மூவரும் நெடுநாள் வாழ வேண்டும்.

உன் அப்பா