பிரார்த்தனை நேரத்துக் காவல்

ஜூலை 3, திங்கள்

இந்த வாரமும் காவல் என் தலையில்தான். காலைப் பிரார்த்தனையில் பள்ளிக்கூடமே கண்ணை மூடி நிற்கும். யார் மூடவில்லை என்று பிடிக்க ஒரு ஆசிரியர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பிடிபட்ட பிள்ளை மறுநாள் மேடையேறி எல்லாருக்கும் பிரார்த்தனை சொல்ல வேண்டும். கடவுளோடு பேசுவதையே தண்டனையாக்கிய புண்ணியவதி எங்கள் தலைமையாசிரியை. என் கூடப் பிறந்த அக்கா. பள்ளியில் "மேடம்" என்று கூப்பிட வேண்டுமாம். வாய் கூசுகிறது.

எட்டாம் வகுப்புக்குப் பின்னம் எடுத்தேன். நான்கில் மூன்று பெரியதா, ஐந்தில் மூன்று பெரியதா என்றால், "ரெண்டுலயும் மேல மூணுதானே டீச்சர், சமம்" என்கிறது கடைசி பெஞ்சு. தலையில் அடித்துக்கொண்டேன். என் மகளும் அதே வகுப்புதான். விடை தெரிந்தும் கை தூக்கவில்லை. போன வருஷம் அவள் அப்பா இறந்ததிலிருந்து எதற்குமே கை தூக்குவதில்லை.

ஜூலை 4, செவ்வாய்

இன்று யாரும் பிடிபடவில்லை. மேடத்துக்கு வருத்தம்.

ஜூலை 5, புதன்

என் மகள் கண்ணை மூடவில்லை. ஓரக்கண் பார்வை இல்லை — என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் இரட்டைச் சடைக்காரி ஒருத்தியும் கண்ணைத் திறந்திருந்தாள். நான் யாரைப் பிடித்தேன்? இரட்டைச் சடையை.

"உங்க பொண்ணும்தான் டீச்சர் திறந்திருந்தா!"

"நீ ஒழுங்கா மூடியிருந்தா அது உனக்கு எப்படித் தெரியும்?"

பெரிய வக்கீல் மாதிரி மடக்கிவிட்டேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. வரலாற்று டீச்சர் மட்டும் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, "சொந்தப் பிள்ளைன்னா கண்ணு தெரியாதுதான்" என்றாள். அவள் வாயில் மண் விழ. ஆனால் அவள் சொன்னதில் தப்பு என்ன?

ஜூலை 6, வியாழன்

இரட்டைச் சடை மேடையில் நடுங்கி நடுங்கிச் சொல்லி முடித்தது. வகுப்பில் போய் எல்லார் முன்னாலும், "நேத்து நான் செஞ்சது தப்பும்மா" என்றேன். "பரவால்ல டீச்சர்" என்றது. முகத்தில் அந்தப் பரவாயில்லை இல்லை.

அதற்குள் வரலாறு போட்டுக்கொடுத்துவிட்டது. மேடம் கூப்பிட்டு அனுப்பினார். "நாளைக்கு உன் பொண்ணு ஏறணும். தங்கச்சி பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டமான்னு கேப்பாங்க." நியாயம்தானே. சரி என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம் மகளிடம் சொன்னேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நான் வேண்டினா நடக்காதும்மா."

"யாருடி சொன்னது?"

"பெரியம்மா. அப்பா செத்த அன்னிக்கு. நீ முழு மனசோட வேண்டியிருந்தா அவர் பொழைச்சிருப்பாருன்னாங்க."

ஐயோ. இத்தனை நாளா இதை நெஞ்சுல வச்சுக்கிட்டா இந்தப் புள்ள எங்கூட உக்காந்து சாப்பிட்டுச்சு? நான் என்னடான்னா படி, படின்னு கத்திக்கிட்டு இருந்திருக்கேன். "அப்படியெல்லாம் இல்லடா" என்று கட்டிக்கொண்டேன். "நீ அம்மா. அப்படித்தான் சொல்லுவே" என்று விலகிப் போய்விட்டாள்.

கடவுளே, ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும்தான் உன்னைக் கெஞ்சினேன். இனி உனக்கும் எனக்கும் பேச்சே இல்லை. நீ பதில் சொல்லும் வழக்கம் இல்லாதவன், போ. ஆனால் அக்காவுக்கு வாய் இருக்கிறது. நாளைக்குக் கேட்கிறேன்.

ஜூலை 7, வெள்ளி

மணி அடிக்கும் முன்பே அக்காவின் அறைக்குள் நுழைந்தேன்.

"அக்கா, என் பொண்ணுகிட்ட அப்படிச் சொன்னியா?"

"இங்க மேடம்னு கூப்பிடு."

"சொன்னியா இல்லையா?"

"குழந்தைக்கு ஒரு நம்பிக்கை வரட்டும்னுதான்…"

"வந்துருச்சு. அப்பாவைத் தானே கொன்னுட்டதா நம்புறா."

மணி அடித்தது. "அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போனாள். கல் நெஞ்சுக்காரி.

மகளைத் தடுக்க நான் ஓடுவதற்குள் அவள் மேடையில் நின்றாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. சத்தத்தைக் காணோமே என்று முன் வரிசைப் பொடிசுகள் கண்ணைத் திறந்தன, பிறகு பெரிய பிள்ளைகள், பிறகு வரலாறு.

"யார் யார் கண்ணு திறந்திருக்கு? காவல் டீச்சர், பிடிங்க!" அக்கா மேடையோரத்திலிருந்து அதட்டினாள்.

"எல்லாரும்தான் மேடம். நீங்களும்."

குபீரென்று சிரிப்பு. நான் மேடையேறி மகள் கையைப் பிடித்து இறக்கி, அப்படியே வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். அவள் கை ஜில்லென்று இருந்தது.

ஜூலை 8, சனி

அக்காவிடமிருந்து போன் மேல் போன். எடுக்கவில்லை. மகளிடம் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிறாள், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. எவளோ ஒருத்தி சொன்னதை நம்புகிறாள், பெற்றவள் சொன்னால் நம்ப மாட்டாளாம்.

ஜூலை 9, ஞாயிறு

மத்தியானம் அக்காவே வந்தாள். வா என்று சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றேன். "அத்தனை பேர் முன்னாடி என்னை…" என்று ஆரம்பித்தாள். நானும் வசவுகளோடு தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் மகள் உள்ளேயிருந்து வந்தாள்.

"பெரியம்மா, அப்பாவுக்காக நீங்க வேண்டினீங்களா?"

"வேண்டாம இருப்பேனா? விடிய விடிய மண்டிபோட்டு வேண்டினேன்."

"முழு மனசோடயா?"

கணக்கு டீச்சர் எனக்கே இந்தக் கேள்வி தோன்றவில்லை.

"ஆமாம்மா. முழு மனசோடதான்."

"அப்பவும் செத்துட்டாரே."

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "செத்துட்டாரும்மா. உன்னால இல்ல. அன்னிக்கு யாரையாவது குத்தம் சொல்லணும்போல இருந்துச்சு. நீ பக்கத்துல நின்னே, சொல்லிட்டேன்." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காபி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை. கேட்காமல் குடித்தாள். "நாளைக்கு வேலைக்கு வா" என்றாள். பார்க்கலாம் என்றேன். நான் மன்னிக்கவில்லை. பக்கத்தில் நின்றாள் என்பதற்காகவா ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொல்வது?

அக்கா போய் வெகுநேரமாகிறது. மகள் கூடத்தில் வெறும் தரையில், பட்டப்பகலில், வாயைப் பிளந்து தூங்குகிறாள். எழுப்ப மனம் வரவில்லை.