நீங்க முதல்ல பாருங்க

1999 அக்டோபர் 29
எங்கள் நாகானோ ஊரில் குளிர் வந்துவிட்டது. முள்ளங்கி ஊறப்போட்டேன்.
பேத்தி சயோரி செய்த தொலைநோக்கியில் சனிக் கோளைப் பார்த்தேன். வளையம் தனி, கோள் தனி. உள்ளே இருக்கும் கண்ணாடியைக்கூட அவளே தேய்த்து உருவாக்கினாள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இப்படி ஒரு பேத்தி! தெருவின் பொது வெந்நீர்க் குளியலறையில் எல்லோரிடமும் சொன்னேன். பக்கத்து வீட்டு இனாபா சானிடம் இரண்டு தடவை. அவள் பேரனின் பியானோ பரிசைப் பற்றி நான் எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்?

அக்டோபர் 31
மானம் போயிற்று.
இனாபா சான் வந்தாள். சயோரி கோளைத் தொலைநோக்கியில் பிடித்துவைத்து, "சீக்கிரம் பாருங்க" என்று விலகினாள்.
"வீட்டுக்காரங்க நீங்க முதல்ல பாருங்க" என்று இனாபா சான் குனிந்தாள்.
"வந்தவங்க நீங்கதான்" என்று நானும் குனிந்தேன்.
"எனக்கென்ன அவசரம்."
"அதெப்படிங்க."
ஒருவழியாகக் கண்ணை வைத்தாள்.
"ரொம்ப அழகான இருட்டுங்க" என்றாள்.

நவம்பர் 1
பொதுக் குளியலறை வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு இனாபா சான் எல்லோரிடமும் சொல்கிறாள்: "பாவம், பொண்ணு கஷ்டப்பட்டுப் பெட்டி செஞ்சிருக்கா. உள்ளதான் ஒண்ணுமில்ல."
என் பேத்தி பாவமாம்.

நவம்பர் 2
சயோரியிடம் கத்தினேன். அவள் சிரிக்கிறாள்.
"பாட்டி, இவ்ளோ பெருசாக்கிப் பார்த்தா கோள் ஓடிக்கிட்டே இருக்கும். மோட்டார் கிடையாது, கையாலதான் குழாயைத் தள்ளணும். நீங்க ரெண்டு பேரும் மரியாதை பண்ணி முடிக்கிறதுக்குள்ள அது போயிடுது."
"நீ தள்ளிக்கிட்டே இரேன்."
"பார்க்காம எப்படித் தள்றது? கண்ணு வைக்கிற இடத்துல நீங்கதானே குனிஞ்சு நிக்கிறீங்க."
மரியாதையைக் குறைப்பதா? அதுவும் இனாபா சானிடமா? நடக்காது.

நவம்பர் 3
மேகம்.

நவம்பர் 5
சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு, அதைச் சாக்கிட்டு அவளை அழைத்தேன்.
சயோரி இந்தத் தடவை கோளைப் பிடிக்கவில்லை. அது வரப்போகும் இடத்தில் குழாயை முன்னாலேயே நிறுத்திவிட்டு, "இப்ப நிதானமா உபசாரம் பண்ணுங்க" என்றாள். பண்ணினோம், ஒரு குறையும் வைக்காமல். கிழங்கு ஆறியது.
இனாபா சான் குனிந்து பார்த்தாள். "இருட்டுதாங்க—"
கோள் வந்துவிட்டது போல; பாதியில் நிறுத்தி இன்னும் கிட்டே குனிந்தாள்.
கடைசியில், "இது உள்ள ஒட்டிவச்ச படமா?" என்று கேட்டாள்.
"ஒட்டின படம் ஓடுமாங்க?" என்றேன்.
"ஓடுதே" என்றாள். கண்ணை எடுக்கவில்லை.

நவம்பர் 8
கூப்பிடாமலே இனாபா சான் வந்தாள், குளியலறைக் கல்லாவில் உட்காரும் அம்மாளையும் கூட்டிக்கொண்டு. "எங்க தெருப் பொண்ணு செஞ்சது" என்று விளக்கம் வேறு. நான் "நீங்க முதல்ல" என்று வாயெடுப்பதற்குள் இனாபா சானே கண்ணை வைத்துவிட்டாள். எனக்கு முறை வரவே இல்லை.
மரியாதை தெரியாத மனுஷி. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.