தூளியாகக் கட்டிய பாட்டுத் துணி

முடிச்சூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஜாஸ்மினுக்கு, ஆண்டவர் கிருபையால் இங்கே உயிரோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஜென்சியும் நலமாக இருக்க வேண்டுமே என்ற பயத்தில் எழுதுகிறேன். சுவரில் மாட்ட நான் செய்த பாட்டுத் துணியை உன் தம்பி பிரசன்னா என்னைக் கேட்காமல் தன் குழந்தைக்குத் தூளியாகக் கட்டிவிட்டான். தவறு அவனுடையது, துணியுடையது அல்ல.

கரண்டு கடத்தும் நூலால் அதில் பூ தைத்திருக்கிறேன், தொட்டால் ஓரத்திலுள்ள குட்டி ஸ்பீக்கர் பாடும், உனக்குத் தெரியும். பேட்டரியிலிருந்து வரும் இரண்டு நூலுக்கும் உறை கிடையாது. விரித்து மாட்டினால் ஒன்றையொன்று தொடாது. நேற்று மதியம் தூளியில் துணி சுருங்கியதும் இரண்டும் ஒட்டிக்கொண்டன, பேட்டரி உப்பிப் புகைந்தது. பாத்திரம் துலக்க வந்த எல்லம்மா, "இன்னா சார், கொயந்தைக்கு சாம்பிராணிய தூளிக்குள்ளயே போட்டுகீறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், அலறிக் குழந்தையைத் தூக்கினாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரசன்னாவோ, "கம்பெனில ஒயர் கட்டினது போதாதாப்பா? எல்லாத்தையும் குப்பைல போடுங்க" என்கிறான். குப்பையில் போட்டால் குப்பை வண்டி எரியும், அதுகூடத் தெரியவில்லை அவனுக்கு. யாரும் சொல்லித்தராமல் நானே கற்ற வேலை இது, நிறுத்த மாட்டேன், இனி நூலுக்கு உறை போட்டுத் தைப்பேன்.

ஆனால் அதன் ஜோடித் துணி உன்னிடம் இருக்கிறது. ஜென்சி அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று நேற்று போனில் சொன்னாய். நான் பதறியதற்கு, "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையேப்பா" என்று சிரித்தாய். இங்கேயும் அந்த மதியம் வரை ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளையும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதிப் படம் எடுத்து இருவருக்கும் அனுப்புகிறேன். ஜெபிக்க முழங்காலிட்ட அம்மா இன்னும் எழவே இல்லை.

படித்ததும் நீ துணியை ஜென்சி மேலிருந்து எடு, அழுதால் அழட்டும். மாப்பிள்ளை பேட்டரி நூல்களை ஒவ்வொன்றாக வெட்டட்டும், ஒரே வெட்டில் இரண்டையும் வெட்டினால் கத்தரியே அவற்றைச் சேர்த்துவிடும். பேட்டரியை மண்சட்டியில் வைத்து வீட்டுக்கு வெளியே வைக்கட்டும், பழைய பேட்டரி வாங்குமிடத்தில் அவரே கொடுக்கட்டும். பிரசன்னா என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை நீ அவனிடம் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். மறக்காதே, அந்தத் துணி இல்லாமல் ஜென்சி தூங்குவதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

இப்படிக்கு, உன் அப்பா
ஏசுபாதம்