கண்ணில் படாத பேர்

ஜூன் 9, ஞாயிறு

லீவு நாள். தூங்க விடவில்லை. ரத்னா போனை நீட்டி, பேர் தேடு என்கிறாள். அவளுக்கு இது ஆறாம் மாதம். 'மறைந்திருப்பவன்' என்று அர்த்தம் வரவேண்டுமாம். போன வருஷம் முதல் பையனுக்குப் பிறந்த அன்றே ஜெயந்தன் என்று பேர் வைத்து, படத்தோடு ஸ்டேட்டஸில் போட்டேன். தொட்டில் போடுவதற்குள் போய்விட்டான். ஊர்க்கண் பட்டுத்தான் போனான் என்கிறாள்.

"எமன் இன்னா, ஆதார் கார்டு பாத்தா வர்றான்?" என்றேன்.

பழவேற்காட்டிலிருந்து வந்திருக்கும் மாமியார் குறுக்கே வந்தார். "அப்டி பேசாத மாப்ள. என் தங்கச்சி புள்ளைக்கு குப்பைனு பேரு வெச்சோம். இன்னிக்கி கடல்ல போட்டு ஓட்டிக்கினு கீறான்."

ஜூன் 12

கம்பெனி பஸ்ஸில் தேடினேன். குகன் - குகையில் மறைந்திருப்பவன். மஸ்தூரா - திரைக்குள் இருப்பவள். குப்தா - ஒளித்து வைக்கப்பட்டவன், ஆனால் ஸ்வீட் கடை பேர் மாதிரி இருக்கிறது. கோபன் - மறைத்துக் காப்பவன். "கோபத்துக்கு வூட்ல நீ ஒர்த்தன் போதும்" என்றாள் ரத்னா. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

ஜூன் 21, வெள்ளி

பொன்னேரியில் செக்கப். டாக்டர் என் வேலையைக் கேட்டார். கும்மிடிப்பூண்டியில் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கிற கம்பெனி, நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் என்றேன். உலைத் தூசியைப் பிடிக்கிற ஃபில்டருக்குள் இறங்கி சென்சார் மாற்றுவேன்.

"யூனிஃபார்ம் யாரு துவைக்கிறாங்க?"

ரத்னா முந்திக்கொண்டாள். "நான்தான் மேடம். நல்லா ஒதறிட்டு ஊறவெப்பேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்னாவின் ரத்தத்தை எடுத்து சென்னைக்கு அனுப்பினார்கள்.

குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட வேண்டும் என்று கம்பெனியில் போர்டே இருக்கிறது. பாத்ரூமில் வரிசை. வரிசையில் நின்றால் பஸ் போய்விடும். நான் நின்றதே இல்லை.

ஜூலை 1

ரிப்போர்ட் வந்துவிட்டது. கம்பெனிக்குள் கால் வைக்காதவள் ரத்தத்தில், உலைப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு இருக்கிற அளவு ஈயம். அது வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகுமாம்.

முதல் பையன் போனதும் இதனால்தானா? "அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். இல்லை என்றும் சொல்லவில்லை.

கண்ணாம், திருஷ்டியாம் - நான்தான் டெய்லி கொண்ணாந்து வூட்ல கொட்டிக்கினு இருந்தேன். ஈயம் இன்னா, பேரு கேட்டுகினா உள்ள போவுது?

ஜூலை 2

வேலையை விட்டுவிட்டேன். "பேஜாரு பண்ணாதப்பா, கம்பெனிலயே தொவைக்க ஏற்பாடு பண்றேன்" என்றார் சூப்பர்வைசர் ஆதிகேசவன். இவ்வளவு நாள் ஏன் பண்ணவில்லை? கேட்கவில்லை. நான் மட்டும் குளித்தேனா?

ரத்னாவை அவள் அம்மாவோடு பழவேற்காட்டுக்கு அனுப்பினேன். வீட்டை நான் கழுவினேன். கழுவ கழுவ தண்ணீர் சாம்பல் நிறத்தில்தான் வருகிறது. இல்லை, என் கண்ணுக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதா?

ஜூலை 14

பேர் எதுவும் தேடவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6

நாளுக்கு முன்பே பிறந்துவிட்டான். பையன். கையளவு உடம்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நர்ஸ் பேர் கேட்டார். இல்லை என்றேன். 'ரத்னா பேபி' என்று எழுதிக் காலில் கட்டினார்கள். போன் கையில்தான் இருந்தது. படம் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பழவேற்காடு. பையன் பெட்டியை விட்டு வெளியே வந்து, மாமியார் வீட்டில் இருக்கிறான். காது கேட்கிறதா, மூளை வளர்கிறதா என்று மாதாமாதம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். குகன் என்றே வைத்துவிட்டோம். நான், ரத்னா, மாமியார் - வேறு யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் ஆதிகேசவன் போன் பண்ணினார். "இன்னா விஜி, புள்ள பொறந்துச்சா? போட்டோ அனுப்புப்பா, குரூப்ல போடறேன்."

"புள்ள தங்கலண்ணே" என்றேன்.

 "சரிப்பா, மனச வுட்றாத" என்று வைத்துவிட்டார்.

ரத்னா பால் கொடுத்துக்கொண்டு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை இழுத்து, அவனை இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டாள்.